செருப்புக் கணக்கு: கசான் எலிவளைச் சுரங்கமும் அதில் இறங்கியவர்களும்

எங்கள் ஊர்ப் பக்கம் கிணறு வெட்டும் இடத்தில் வருகைப் பதிவேடெல்லாம் கிடையாது. ஆனால் ஆள் கணக்கு துல்லியமாக இருக்கும். இறங்குகிறவர்கள் கிணற்று மேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். மேலே கிரேனைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தச் செருப்பு வரிசைதான் பதிவேடு. பாறையில் குழி போட்டு, தோட்டா திணித்து, வெடிக்கத் தயாரானதும் அவர் ஒருமுறை திரும்பி அந்த வரிசையைப் பார்ப்பார். மேலே வந்தவர்கள் அவரவர் செருப்பை மாட்டியிருக்க வேண்டும். ஒரு ஜோடி தனியாகக் கிடந்தாலும் வெடி வைக்க விடமாட்டார். "யார்ரா அது?" என்று குழிக்குள் குரல் கொடுப்பார்.

2018 டிசம்பர் கடைசியில், இப்படிப் பல வருடம் கிரேன் பிடித்த ஒரு பெரியவரிடம் மேகாலயச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலக்கரி வெட்ட இறங்கியவர்கள் குழிக்குள் தண்ணீர் புகுந்து மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"எத்தன பேரு உள்ள?" என்றார்.

"பதினஞ்சு பேருன்னு சொல்றாங்கண்ணா."

"சொல்றாங்களா? மேல நின்ன ஆளுக்குத் தெரியாதா தம்பி?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு கசான் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, அங்கே நடந்த பெரும்பாலான கோளாறுகள் அவர் கேட்ட அந்தக் கேள்விக்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

சைடு போர் போட்ட கிணறு

கசான் என்பது மேகாலயத்தின் கிழக்கு ஜெயந்தியா மலை மாவட்டத்தில் இருக்கும் சிறு கிராமம். அந்த மாநிலத்தின் நிலக்கரி இருப்பு சுமார் 57 கோடி டன் என்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மதிப்பீடு. கேட்கப் பெரிதாக இருந்தாலும், அது பரவிக் கிடக்கும் விதம்தான் சிக்கல். ஜார்க்கண்டின் ஜரியாவில் போலத் தடிமனான படிவம் இங்கே இல்லை. பல இடங்களில் கரி அடுக்கு ஒரு மீட்டர் உயரம்கூடத் தேறாது. இரண்டு பாறைப் பாளங்களுக்கு நடுவே வைத்த வெல்லம் மாதிரி மெல்லிசாக ஓடும். மேலே இருக்கும் மலையைப் பெயர்த்து அதை எடுக்கக் கட்டுப்படியாகாது. பெரிய இயந்திரம் உள்ளே நுழைய இடமும் இல்லை. அதனால் ஆள் நுழைகிறான்.

கொங்குப் பக்கத்து வாசகர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் விளக்கிவிடலாம்: சைடு போர் போட்ட கிணறு. முதலில் செங்குத்தாக ஒரு குழி. கரி அடுக்கு தட்டுப்பட்டதும் அங்கிருந்து நாலாபக்கமும் படுக்கைவாட்டில் துளைகள். நம் ஊரில் அந்தத் துளைக்குள் போவது இயந்திரத்தின் கம்பி. அங்கே போவது மனிதன். கரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் துளையும் திரும்பும். கரி வற்றினால் வேறு பக்கம் கிளை பிரியும். எலி வளை அப்படித்தான் இருக்கும். பெயரை யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

துளையின் உயரம் இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி. ஆள் குந்தியோ ஒருக்களித்துப் படுத்தோ, குட்டைப் பிடி போட்ட கோடரியால் எதிரே இருக்கும் கரியைக் கொத்துவார். தலையில் கட்டிய டார்ச்தான் வெளிச்சம். கொத்திய கரியைச் சக்கரம் வைத்த சின்ன வண்டியில் அள்ளிப் போட்டு, முதுகை நிமிர்த்த முடியாமல் பின்னாலேயே தள்ளிக்கொண்டு குழியின் அடிக்கு வர வேண்டும். அங்கிருந்து கிரேன் கரியை மேலே தூக்கும். ஆள் ஏறி இறங்கப் பெரும்பாலும் குழியின் சுவரை ஒட்டி வைத்த மர ஏணிதான்.

முட்டுக் கொடுப்பது, காற்றோட்டத்துக்கு இரண்டாவது வழி வைப்பது, எவ்வளவு தூரம் குடைந்தோம் என்று அளப்பது எதுவும் கிடையாது. எவ்வளவு கரி மேலே வந்தது என்பதை மட்டும் அளப்பார்கள், ஏனென்றால் கூலி அதற்குத்தான். ஆக, அங்கேயும் கணக்கு இருந்தது. வண்டிக் கணக்கு.

டிசம்பர் 13

2018 டிசம்பர் 13 அன்று விடிகாலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கியதாக உயிர் தப்பியவர்களில் ஒருவர் பின்னால் செய்தியாளர்களிடம் சொன்னார். அசாமிலிருந்து வந்தவர். துளைக்குள் ஐந்தாறு அடி தூரத்தில் கரி வண்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே திடீரெனக் காற்று வீசியதாம். மூடிய துளைக்குள் காற்று வீச வழியே இல்லை. என்னவோ சரியில்லை என்று நினைப்பதற்குள் தண்ணீர் பாயும் இரைச்சல் கேட்டது. குழி வாய்ப் பக்கம் இருந்ததால் எப்படியோ வெளியேறிவிட்டார். ஏழு மணிக்குள் குழி நிறைந்துவிட்டது.

அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்பது கிணற்று வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். தண்ணீர் ஒரு பக்கம் புகுந்தால் உள்ளே அடைபட்டிருக்கும் காற்றைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டுதான் வரும். வாய் குறுகிய குடத்தில் தண்ணீர் ஊற்றினால் வாயில் காற்று குபுகுபுவென்று வருவது போலத்தான். அவர் அதைக் காற்று என்று உணர்ந்தபோது, துளைகளின் கடைசியில் இருந்தவர்களைத் தண்ணீர் ஏற்கெனவே தொட்டிருக்கும்.

தண்ணீர் பக்கத்தில் ஓடும் லைட்டெய்ன் ஆற்றிலிருந்து வந்தது என்றார்கள். சுற்றிலும் கைவிடப்பட்ட பழைய குழிகளும் நிறைய. அவையும் மழைநீரால் நிறைந்து கிடப்பவை. மேகாலயம் என்றால் சிரபுஞ்சியும் மௌசின்ராமும் இருக்கும் மாநிலம் என்பதை மறந்துவிட வேண்டாம். அங்கே கைவிடப்பட்ட குழி என்றால் தண்ணீர்த் தொட்டி என்று பொருள். இரண்டு தொட்டிகளுக்கு இடையே இருக்கும் சுவர் எவ்வளவு கனம் என்று தெரியாமல் இருட்டில் கொத்திக்கொண்டே போனால், ஒருநாள் கோடரி அந்தப் பக்கம் போகும்.

சுரங்கத் தொழிலில் இது புதிய ஆபத்து ஒன்றும் இல்லை. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில், பழைய வேலைத்தளத்தில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்து 375 பேர் இறந்தார்கள். தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டருக்குள் போவதானால் தனி அனுமதியும் முன்கூட்டித் துளையிட்டுப் பார்ப்பதும் வேண்டும் என்று நிலக்கரிச் சுரங்க விதிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஆனால் 60 மீட்டரை அளக்க இரண்டு சுரங்கமும் காகிதத்தில் இருக்க வேண்டுமே.

சரி, எத்தனை பேர் உள்ளே? முதல் நாள் செய்திகள் 13 என்றன. பிறகு 15 ஆனது. அதுவே அரசாங்கக் கணக்காக நிலைத்தது. ஆனால் மேலே சொன்ன, உயிர் தப்பியவர் தன்னையும் சேர்த்து அன்று 22 பேர் வேலை தொடங்கியதாகச் சொன்னார். தப்பியவர்கள் 5 பேர். கழித்துப் பார்த்தால் 17 வருகிறது. குழிக்குள் உறவினர் இருப்பதாக ஒரு குடும்பம் வந்து சொன்னால்தான் ஒரு பெயர் பட்டியலில் ஏறியது.

மேலே நடந்தது

தேசியப் பேரிடர் மீட்புப் படை உடனே வந்துவிட்டது. படகு, முக்குளிப்பவர்கள், சோனார் எல்லாம் கொண்டுவந்தார்கள். தண்ணீர் இறைக்கத்தான் வழியில்லை. இரண்டு 25 எச்பி பம்புகள் நாள் கணக்கில் ஓடின. நீர்மட்டம் அசையவில்லை. ஆறு ஒரு பக்கம் ஊற்ற, பம்பு மறுபக்கம் இறைக்க, ஓட்டைப் பானை கதைதான். டிசம்பர் 24 அன்று அதையும் நிறுத்திவிட்டார்கள். 100 எச்பி பம்புகள் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டிருந்தது. எங்கள் ஊரில் பத்து ஏக்கர் தென்னைக்கு 10 எச்பி மோட்டார் ஓடும். அதைப்போல இரண்டரை மடங்கு மோட்டாரை வைத்துக்கொண்டு ஒரு ஆற்றை இறைக்க முயன்றார்கள் என்றால் நம்புவது கடினம்தான்.

இதே 2018இல், ஜூன் கடைசியில், தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டபோது உலகமே அங்கே திரும்பியது. இந்தியாவின் கிர்லோஸ்கர் நிறுவனம்கூடத் தன் ஆட்களை அனுப்பியது. கசானுக்கு அதே நிறுவனத்தின் பம்புகள் டிசம்பர் கடைசியில்தான் கிளம்பின. டிசம்பர் 28 அன்று புவனேசுவரத்திலிருந்து விமானப்படை விமானத்தில் ஒடிசா தீயணைப்புத் துறையினர் 20 பம்புகளோடு வந்தார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து கடற்படை முக்குளிப்பவர்கள் வந்தார்கள். கோல் இந்தியாவின் பம்புகளும் வந்தன. இத்தனையும் வந்து சேர முதல் இரண்டு வாரம் போய்விட்டது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்தில் இதைத்தான் கேட்டார்கள். அதற்கு அரசுத் தரப்பு சொன்ன பதில்களில் ஒன்றை நான் பலமுறை திரும்பப் படித்தேன்: இந்தச் சுரங்கத்துக்கு வரைபடம் எதுவும் இல்லை.

குழியின் ஆழம்கூட 355 அடி என்று ஒரு இடத்திலும் 370 அடி என்று இன்னொரு இடத்திலும் வந்தது. அடியிலிருந்து எத்தனை துளைகள் பிரிகின்றன, எந்தத் துளை எந்தப் பழைய குழியோடு சேர்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. தெரிந்தவர்கள் உள்ளே இருந்தார்கள்.

அந்த நாட்களில் கசானுக்கு வந்தவர்களில் ஜஸ்வந்த் சிங் கில்லும் ஒருவர். அவர் வந்ததால் ஒரு ஒப்பீடு செய்ய முடிகிறது. 1989 நவம்பரில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியில், மகாபீர் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து 65 பேர் உள்ளே உயிரோடு மாட்டிக்கொண்டார்கள். கில் அப்போது கோல் இந்தியாவின் பொறியாளர். அந்த 65 பேர் ஒதுங்கியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே தரையிலிருந்து துளை போட்டு, ஆள் ஒருவர் நிற்கும் அளவுக்கு இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்து, அதில் தானே முதலில் கீழே இறங்கி, ஒவ்வொருவராக 65 பேரையும் ஏற்றி அனுப்பினார். அந்தக் கூண்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, எங்கே துளை போடுவது என்று அவர்களால் முடிவு செய்ய முடிந்ததுதான். அது கணக்கில் இருந்த சுரங்கம். கீழே எது எங்கே இருக்கிறது என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். அதே கில் கசானில் வந்து நின்றபோது காலடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல யாரிடமும் ஒரு தாள் இல்லை. அவர் 2019 நவம்பரில் காலமானார்.

மீட்புப் படையின் முக்குளிப்பவர்கள் முதலில் எடுத்தது மூன்று ஹெல்மெட்கள். ஜனவரி நடுவில் கடற்படையின் நீருக்கடி ரோபோ ஒரு துளைக்குள் ஒரு உடலைக் கண்டது. இழுக்க இழுக்க உடல் சிதைந்தது. இழுப்பதா நிறுத்துவதா என்று கேட்கும் நிலைமை. கடைசியில் ஜனவரி 24 அன்று அதை மேலே கொண்டுவந்தார்கள். பிறகு இன்னொன்று. கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் இறைத்தாகிவிட்டது. மார்ச் தொடக்கத்தில் மீட்பை நிறுத்தினார்கள். கிடைத்தது இரண்டு உடல்கள்.

காகிதத்தில் இல்லாத சுரங்கம்

இதைச் 'சட்டவிரோதச் சுரங்கம்' என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தச் சொல் எனக்கு உவப்பில்லை. இரவில் ஒளிந்து வெட்டியது போல ஒரு தோற்றம் தருகிறது. 350 அடிக் குழியையும் கிரேனையும் சாலையோரம் மலைபோலக் குவிந்த கரியையும் ஒளிக்க முடியாது.

மேகாலயத்தில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது அல்லது சமூகத்துடையது. அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை பழங்குடி மக்களின் நில உரிமைக்குப் பாதுகாப்புத் தருகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரனுக்கே நிலத்தடிக் கரியும் சொந்தம் என்ற வழக்கம் நிலவியது. 1973இல் நாடு முழுக்க நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆனபோது இந்த மலைகள் நடைமுறையில் அதற்கு வெளியே நின்றன. குத்தகை எடுக்கத் தேவையில்லை. குத்தகை இல்லையென்றால் சுரங்கத் திட்டம் இல்லை. திட்டம் இல்லையென்றால் வரைபடம் இல்லை, மேலாளர் இல்லை, ஆய்வாளர் வரமாட்டார். பழங்குடி மக்களின் நிலத்தைக் காக்க வந்த ஏற்பாட்டின் நிழலில், வெளியூரிலிருந்து முதல் போட்டவர்களும் குழி முதலாளிகளும் வளர்ந்தார்கள். சாமானியப் பழங்குடிக் குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் குழி விழுந்த நிலமும் புளித்த ஆறும்தான்.

புளித்த ஆறு என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கரியில் கந்தகம் அதிகம். காற்றும் தண்ணீரும் பட்டால் அது அமிலமாகி ஆற்றில் இறங்கும். லூகா ஆறு குளிர்காலத்தில் ஆழ்ந்த நீலமாக மாறும். படத்தில் பார்த்தால் சுற்றுலாத் தலம் போல இருக்கும், மீன் இருக்காது. கோபிலி ஆற்றின் அமிலம் கீழே அசாமில் இருக்கும் நீர்மின் நிலையத்தின் இரும்பையே அரித்தது. அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்து திமாசா மாணவர் சங்கம்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2014 ஏப்ரல் 17 அன்று தீர்ப்பாயம் எலிவளைச் சுரங்கத்தைத் தடை செய்தது. ஆணையைப் பெற்றுத் தந்ததில் ஆற்றுக்குப் பெரிய பங்கு உண்டு, குழிக்குள் செத்தவர்களும் நினைவுக்கு வந்தார்கள். 2012இல் தெற்கு காரோ மலையின் நங்கல்பிப்ராவில் இதேபோலத் தண்ணீர் புகுந்து 15 பேர் உள்ளேயே போனார்கள். ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை.

தடைக்குள் ஒரு ஓட்டை இருந்தது. ஏற்கெனவே வெட்டி மேலே குவித்த கரியை ஏற்றிச் செல்லலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். கெடு முடிய முடிய நீட்டித்தார்கள். தடைக்கு முன் வெட்டிய கரிக்கும் நேற்று வெட்டிய கரிக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது, இல்லையா? நாலரை வருடம் கழித்தும் 'பழைய' குவியல் குறையவே இல்லை. கசான் விபத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2018 நவம்பர் 8 அன்று, இந்தக் கரிப் போக்குவரத்தைப் பதிவு செய்யப் போன சமூகச் செயற்பாட்டாளர் ஆக்னஸ் கர்ஷியிங்கும் அவருடன் போன அமிதா சங்மாவும் இதே மாவட்டத்தில் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். தீர்ப்பாயம் அமைத்த குழு 2019 ஜனவரியில் மாநிலத்தில் சுமார் 24,000 சுரங்கங்கள் இருப்பதாகச் சொன்னது. தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் கனிமச் சட்டப்படி குத்தகை பெற்றால்தான் வெட்டலாம் என்று தீர்ப்பளித்தது.

ஆக, தடைக்கு முன்பும் சுரங்கம் காகிதத்தில் இல்லை, தடைக்குப் பிறகும் இல்லை. முன்பு தேவைப்படவில்லை. பிறகு எழுதினால் மாட்டிக்கொள்வோம். மேலே நின்றவருக்கு ஆள் கணக்கு தெரியாதா என்று பெரியவர் கேட்டாரே, தெரிந்திருக்கும். ஆனால் கணக்கைச் சொன்னால் சுரங்கம் தன்னுடையது என்று ஆகிவிடும். செருப்பைப் பார்க்காதது போல இருப்பதில்தான் லாபம்.

இறங்கியவர்கள்

மாட்டிக்கொண்டவர்களில் மூன்று பேர்தான் உள்ளூர், பக்கத்து லும்தாரி கிராமத்துக்காரர்கள். மற்றவர்கள் மேற்கு காரோ மலையின் சமவெளிப் பகுதியிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். இதற்கு முன்பும் அசாம், நேபாளம், வங்கதேசம் என்று வெளியிலிருந்து ஆள் வருவதுதான் இந்தக் குழிகளின் வழக்கம். 'சர்தார்' என்று அழைக்கப்படும் ஆள்பிடிப்பவர் முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார். நம் பக்கத்துச் செங்கல் சூளை மேஸ்திரி போலத்தான்.

கூலி நல்ல கூலி. நன்றாகக் கொத்துகிறவர் ஒரு நாளில் வயல் வேலையைப் போலப் பல மடங்கு சம்பாதிக்கலாம். இதை மறைத்துவிட்டு 'வறுமை துரத்தியது' என்று மட்டும் எழுதுவது அந்த மனிதர்களைக் குறைத்துச் சொல்வதாகும். அவர்கள் கணக்குப் போட்டுத்தான் வந்தார்கள். ஒரு குளிர்காலம் வெட்டினால் வீட்டுக்குத் தகரக் கூரை, தங்கைக்குக் கல்யாணம், அடைக்க வேண்டிய கடன். மழை குறைவான அந்தச் சில மாதங்கள்தான் வேலைக் காலம். பிறகு குழி நிறைந்துவிடும்.

இந்த வேலையில் ஒரு கைத்திறன் இருக்கிறது. படுத்த நிலையில் தோளை அசைக்காமல் மணிக்கட்டால் கொத்துவது, கோடரி பட்ட சத்தத்தை வைத்து மேல்பாறை கெட்டியா பொறையா என்று சொல்வது, தள்ளும் வண்டி சுவரில் உரசாமல் இருட்டில் திருப்புவது. இதை எந்த ஐடிஐயும் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்கள் பெரியவரும் அப்படித்தான். கிணற்றுப் பாறையைச் சுத்தியால் தட்டிவிட்டு, 'இது வெடி கேக்காது, கடப்பாரைக்கே விடும்' என்பார். விடும்.

குழிக்காரர்களின் இன்னொரு பக்கம் சிறுவர்கள். இரண்டடித் துளைக்குள் பெரியவரைவிடச் சிறுவன் சுலபமாக நுழைவான். மேகாலயத்தின் இம்பல்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2010 வாக்கில் ஜெயந்தியா மலையில் 70,000 சிறுவர்கள் வேலை செய்வதாகச் சொன்னது. அரசு அந்த எண்ணை ஏற்கவில்லை. எண் எதுவாக இருந்தாலும், துளையின் உயரமே யாருக்காக அது குடையப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது.

கசானில் காத்திருந்த குடும்பங்கள் பாதியிலேயே உயிரோடு வருவார்கள் என்ற எண்ணத்தை விட்டுவிட்டன. உடலையாவது கொடுங்கள், சடங்கு செய்து புதைத்துக்கொள்கிறோம் என்றுதான் கேட்டார்கள். இடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது.

சில்க்யாரா

அடுத்து நடந்தது எந்தக் கதாசிரியரும் எழுதத் துணியாத திருப்பம். 2023 நவம்பர் 12, தீபாவளி நாள். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், சில்க்யாராவில் கட்டிக்கொண்டிருந்த நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். இந்த முறை பெயர்ப் பட்டியல் இருந்தது, வரைபடம் இருந்தது, உள்ளே குழாய் வழியாகக் காற்றும் சாப்பாடும் போனது. வெளிநாட்டு வல்லுநர்கள் வந்தார்கள். ஏறத்தாழ 60 மீட்டர் இடிபாட்டுக்குள் 800 மில்லிமீட்டர் குழாயைச் செலுத்த ஆகர் என்ற அமெரிக்கத் துளையிடும் இயந்திரம் வந்தது. கடைசிப் பன்னிரண்டு மீட்டர் வாக்கில் இரும்புக் கம்பிகளில் சிக்கி அது உடைந்துபோனது.

அப்போதுதான் எலிவளைத் தொழிலாளர்களைக் கூப்பிட்டார்கள். இவர்கள் மேகாலயத்துக்காரர்கள் அல்ல. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் இருந்து வந்தவர்கள், சாலைக்கு அடியில் தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பதிப்பவர்கள். ஆனால் வேலை அதேதான்: இரண்டரை அடிக் குழாய்க்குள் ஊர்ந்து போய், ஒருவர் கொத்த, ஒருவர் அள்ள, ஒருவர் தள்ளுவண்டியில் வெளியே அனுப்ப வேண்டும். பன்னிரண்டு பேர் முறை வைத்துக் குடைந்து, ஏறத்தாழ ஒரு பகலும் ஒரு இரவும் எடுத்து, நவம்பர் 28 மாலை அந்தப் பக்கம் போனார்கள். 41 பேரும் வெளியே வந்தார்கள். எலிவளை முறை தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம், ஆனால் அவர்களின் திறமையைப் பயன்படுத்துகிறோம் என்ற பொருளில் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சுதான்.

மாநில அரசு தலைக்கு 50,000 ரூபாய் அறிவித்தது. அவர்கள் அதில் திருப்தியாகவில்லை. காசோலையை வாங்கினாலும் வங்கியில் போடப் போவதில்லை என்றார்கள். 2024 பிப்ரவரியில் அவர்களில் ஒருவரின் டெல்லி வீடு ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டது. 41 பேருக்கு வழி திறந்தவரின் வீடும் பட்டாக் காகிதத்தில் இல்லாத வீடாகவே இருந்திருக்கிறது.

உம்ரங்சோ

கசானோடு இது நிற்கவில்லை. 2021 மே கடைசியில் அதே மாவட்டத்தின் உம்ப்ளெங்கில், வெடி வைத்தபின் தண்ணீர் புகுந்து ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். மூவரின் உடல்கள்தான் கிடைத்தன. மேகாலய உயர் நீதிமன்றம் 2022இல் நீதிபதி கட்டகேயை நியமித்து நிலைமையைக் கண்காணிக்கச் சொன்னது. அவரது அறிக்கைகளிலும் புதிய குழிகள் வந்துகொண்டே இருந்தன. முறைப்படி குத்தகை பெற்ற முதல் சுரங்கம் மேகாலயத்தில் தொடங்கியது 2025 மார்ச்சில். மெல்லிய அடுக்குக்கு அந்த முறை எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும் என்பது எனக்குச் சந்தேகம்தான். 24,000 குழிக்காரர்களும் குத்தகை மனு போடுவார்கள் என்று யாரும் நம்பவில்லை.

2025 ஜனவரி 6 அன்று அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்தில், உம்ரங்சோ பக்கம் ஒரு எலிவளைக்குள் தண்ணீர் புகுந்தது. 2014இல் தடை வாங்கிய மாணவர் சங்கத்தின் சொந்த மாவட்டம். இந்த முறை கடற்படை முக்குளிப்பவர்கள் இரண்டு வாரம் காத்திருக்க வைக்காமல் வந்தார்கள். உள்ளே மாட்டியவர்களின் பெயர், ஊர் எல்லாம் அடங்கிய பட்டியலை முதலமைச்சர் உடனே வெளியிட்டார். எட்டாம் தேதி முதல் உடல். பதினொன்றாம் தேதி மூன்று. மீதி கிடைக்கவில்லை, இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியவரைப் பார்த்தேன். இப்போது கிரேன் பிடிப்பதில்லை. முழங்கால் விடவில்லை. செய்தியைச் சொன்னேன். முதலில் அதே கேள்வி.

"எத்தன பேரு?"

"ஒம்பது பேருங்ணா. பேரெல்லாம் போட்டிருக்காங்க."

"அப்ப எடுத்துருவாங்க" என்றார்.

கடைசி ஐந்து உடல்களையும் பிப்ரவரி 19 அன்று எடுத்தார்கள். 44 நாள் ஆனது.